ரிப்பனுக்குக் காவல்

டிசம்பர் 20, சனி

வீட்டிலிருந்து தண்ணீர் முழுவதும் வடிந்துவிட்டது. சேறு வடியவில்லை. கூடத்துச் சுவரில் என் மார்பு உயரத்திற்கு ஒரு பழுப்புக் கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக இருக்கிறது. இந்த ஊரில் ஒரு வேலை இவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டு நான் பார்த்ததில்லை.

பீரோவின் கீழ்த் தட்டில் இருந்தவை எல்லாம் கூழாகிவிட்டன. அவற்றுள் தர்க்கவியலில் நான் எழுதிய முனைவர் பட்ட ஆய்வேடும் ஒன்று; அதை நான் தேடவில்லை. ஹெப்சியின் மாற்றுத்திறனாளிச் சான்றிதழின் அசலை மட்டும் இரண்டு கைகளாலும் அள்ளி மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். காய்ந்த பின் அது வரட்டியைப் போல் இருந்தது.

ஹெப்சி என் மகள். வயது பதினேழு. பிறவியிலேயே மூளை முடக்குவாதம். கால்கள் நடக்கா. கைகள் சக்கர நாற்காலியைத் தள்ளும். ஆனால் மூன்று மணி நேரம் பேனா பிடிக்கமாட்டா. நாக்கு யாரையும் விட்டுவைக்காது. பிளஸ் டூ படிக்கிறாள். மார்ச் மாதப் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத, 'ஸ்கிரைப்' எனப்படும் ஓர் ஆசிரியரும், கூடுதலாக ஒரு மணி நேரமும் வேண்டும். அந்தச் சலுகைக்குச் சான்றிதழின் அசலைப் பள்ளியில் ஜனவரி 9 அன்று மதியத்திற்குள் காட்ட வேண்டும். பள்ளி இப்போது நிவாரண முகாம். வகுப்புகள் ரத்து, அரையாண்டுத் தேர்வு ரத்து. கடைசித் தேதி மட்டும் ரத்தாகவில்லை.

அவளை அழைத்துக்கொண்டு தலைமையாசிரியை பொன்ராணியைப் பார்த்தேன். சான்றிதழின் படம் என் கைபேசியில் இருப்பதைக் காட்டினேன்.

"போன்ல என் பேரன் படமும்தான் இருக்கு சார். அவனுக்கு ஹால் டிக்கெட் குடுக்க முடியுமா?"

"அம்மா, மாணவியே உங்கள் எதிரில் இருக்கிறாள். அவளால் எழுத முடியாது என்பது ஆறாம் வகுப்பிலிருந்து உங்களுக்குத் தெரியும்."

"பிள்ளையப் பாக்கேன் சார். பேப்பரத்தான் காணல."

திரும்பும்போது ஹெப்சி சொன்னாள்: "பேப்பர் மட்டும் வந்து நான் வராம இருந்தா டீச்சருக்கு ரொம்ப வசதி."

டிசம்பர் 22, திங்கள்

பூவன்கரை அரசு மருத்துவமனை. சான்றிதழ் வழங்கும் மருத்துவக் குழு புதன்கிழமைதோறும் கூடும். வழக்கமாகத் தரைத்தளத்தில். தரைத்தளத்துக்குள் வெள்ளம் புகுந்ததால் குழு முதல் மாடிக்கு மாற்றப்பட்டுவிட்டது. நடக்க இயலாதவர்களுக்குச் சான்று வழங்கும் குழு மாடியில் அமர்கிறது என்ற செய்தியை, ஒரு வெற்றியை அறிவிப்பதுபோல், வெள்ளைத் தாளில் எழுதிப் படிக்கட்டின் கீழே ஒட்டியிருக்கிறார்கள்.

மின்தூக்கியின் குழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. அதில் விரால் மீன் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் கட்டடத்தின் பக்கவாட்டில் ஒரு சாய்தளம் இருக்கிறது. புதியது. தரையிலிருந்து புறப்பட்டு, நடுவில் ஒருமுறை வளைந்து, முதல் மாடிக்குச் செல்கிறது. கைப்பிடிக்கு மஞ்சள் வண்ணம். மழைக்காலத்திற்கு முன்பே கட்டி முடித்துவிட்டார்கள். அடிவாரத்தில், இரண்டு தூண்களுக்கு இடையே, சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறது. ரிப்பனுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு காவலர் அமர்ந்திருக்கிறார்.

அலுவலகக் கண்காணிப்பாளர் சுடலைமுத்து விளக்கினார். இனிமையானவர். ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு குவளைத் தேநீர் வரவழைப்பவர்.

"இன்னும் திறக்கல சார்வாள். மந்திரி வந்து ரிப்பன் வெட்டணும். அதுக்கு முந்தி யாரும் ஏறப்பிடாது."

"காவலர் எதற்கு?"

"போன மாசம் எதிர்க்கட்சிக்காரங்க சொந்தமாக் கத்திரிக்கோல் கொண்டாந்து வெட்டப் பாத்தாங்க. அதுல இருந்து ரிப்பனுக்குப் பாதுகாப்பு."

"வெள்ளத்தன்று இதன்மேல் உங்கள் ஊழியர்களின் மோட்டார் சைக்கிள்கள் நின்றதை நான் பார்த்தேன்."

"அது வெள்ளம்லா சார்வாள். வெள்ளத்துல எல்லாத்துக்கும் விதிவிலக்கு உண்டு."

"இப்போது?"

"இப்பதான் வடிஞ்சுட்டே."

முப்பது ஆண்டுகளாகத் தர்க்கவியல் கற்பிக்கிறேன். இந்த வாதத்தில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. தேநீரைக் குடிக்காமல் வந்தேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

காலை முழுவதும் சேறு அள்ளினேன். மாலையில் மாவட்ட நிர்வாகத்திற்கு நான்கு பக்கத்தில் மனு எழுதி அனுப்பினேன். கடுஞ்சொல் ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு அது வலிக்க வேண்டும்.

டிசம்பர் 24, புதன்

படிக்கட்டு வழியாக ஹெப்சியைத் தூக்கிக்கொண்டு ஏறுவதென்று முடிவு செய்தேன். பத்தாம் வகுப்பு வரை தூக்கியிருக்கிறேன். பாதிப் படியில் வாயு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள்களாகச் சரியான நேரத்தில் உண்ணாததன் விளைவு. கைப்பிடியில் சாய்ந்து நின்றேன். பிறகு, இறங்குவதே உசிதம் என்று பட்டது.

ஊழியர்கள் இருவர் உதவ வந்தனர். நல்லவர்கள்தாம். ஹெப்சி கையை உயர்த்தித் தடுத்தாள்.

"அண்ணே, வேண்டாம்."

"பயப்படாத பாப்பா. டெய்லி எத்தன பேரத் தூக்குதோம்."

"நீங்க தூக்குவீங்க. நான்தான் தூக்கப்படணும். யாரு கை எங்க படுதுன்னு நான் பாத்துக்கிட்டே இருக்கணும். எனக்குப் பதினேழு வயசு அண்ணே. அரிசி மூட்டை இல்ல."

அவர்கள் முகம் சுருங்கி விலகினார்கள். அவள் கேட்டது சலுகை அன்று.

குழுவின் எலும்பு மருத்துவர் மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்தார். நீங்கள் கீழே வந்து பார்க்கக்கூடாதா என்று கேட்டேன். குழு என்பது மூவர். அவர் ஒருவர் மட்டும் கீழே வந்தால் அவர் வெறும் மருத்துவர்தானாம். மூவரும் வந்தால் முத்திரை மேலேயே இருக்குமாம். முத்திரை அறையைவிட்டு வெளியேறக்கூடாதாம்.

இதற்கிடையில் ஒரு கால் மட்டுமே உள்ள ஒருவர் கைப்பிடியைப் பற்றித் தாவித் தாவி ஏறினார். மேலே சிலர் கைதட்டினார்கள். திரும்பி இறங்கியபோது அவருடைய ஊனத்தின் விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு நன்றாக ஏறுகிறவருக்கு முந்தைய விழுக்காடு அதிகம் என்று குழு கருதியதாம். அவர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கால் வளந்துட்டாம் சார்."

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். கோயிலில் பெஞ்சுகள் இன்னும் ஈரம். போதகர் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஜெபித்தார். கேட்டவர்கள் அனைவரும் பாதிக்கப்பட்டவர்களே ஆதலால் எல்லாரும் தமக்காகவே கண்களை மூடிக்கொண்டனர்.

ரூபிக்கு முகாமில் பணி. என் மனைவி தொடக்கப்பள்ளி ஆசிரியை. பேரிடர்க் காலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் உப்புமாவும் கிண்ட வேண்டும். மதியம்தான் வந்தாள்.

"என்ன, நெஞ்சத் தேச்சுக்கிட்டே இருக்கீங்க?"

"வாயு."

"பாட்டுக்கும் எந்திக்கலியாமே. ஹெப்சி சொன்னா."

பெஞ்சு ஈரமாக இருந்தது, எழுந்தால் வேட்டியின் பின்புறம் தெரியும் என்றேன். பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தாள். குடித்தேன். சற்றே தணிந்தது; ஆகவே வாயுதான்.

டிசம்பர் 27, சனி

சுடலைமுத்து வீட்டுக்கே வந்தார். கையில் என் மனு. மாவட்டத் தலைநகர் சென்று, மூன்று அலுவலகங்களின் முத்திரையுடன், உரிய நடவடிக்கைக்காக அவரிடமே திரும்பியிருக்கிறது.

"ஆபீஸே கூடி நின்னு படிச்சோம் சார்வாள். என்னா தமிழு. எங்க ஹெட் கிளார்க் ரெண்டாம் பக்கத்துல அழுதுட்டா."

"நடவடிக்கை?"

"அதுக்குத்தான வந்திருக்கேன்."

பிறகு தாழ்ந்த குரலில் விஷயத்தைச் சொன்னார். திறப்பு விழா தள்ளிப்போவதற்குக் காரணம் கல்வெட்டு. முதலில் பொறித்த கல்லில் முந்தைய மந்திரியின் பெயர் இருக்கிறது. நடுவில் இலாகா மாறிவிட்டது. புதுக் கல் வாங்கியாகிவிட்டது. வாசகம்தான் இல்லை. ஆளாளுக்கு எழுதியதை மேலிடம் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தால் அடுத்த புதன்கிழமையே விழா. ஹெப்சிதான் சாய்தளத்தின் முதல் பயனாளி. ஏறி நேரே குழுவிடம் போய்விடலாம்.

என் மகள் மேலே ஏறுவதற்கு நான் ஓர் அமைச்சரைப் புகழ வேண்டும். இரு முன்கூற்றுகளும் ஒரு முடிவும். எழுதினேன். ஏழு வரி. நன்றாகவே அமைந்தது. இதுதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

டிசம்பர் 29, திங்கள்

விழா ஒத்திகை. மந்திரியாக சுடலைமுத்து நின்றார். கத்தரிக்கோலுக்குப் பதில் இரண்டு விரல்கள். ரிப்பனைத் தொடாமல் வெட்டிக் காட்டினார். ஹெப்சி ரிப்பன் வரை வந்து நிற்க வேண்டும். அதற்கப்பால் ஒத்திகையிலும் அனுமதி இல்லை.

புகைப்படக்காரர் அவளைப் பார்த்துத் திருப்தியடையவில்லை.

"பாப்பா ரொம்பத் தெளிவா இருக்கு சார். கொஞ்சம் முடியாத மாதிரி இருந்தா போட்டோ நல்லா வரும்."

"தலை நல்லாச் சாயணுமா அண்ணே, லேசாச் சாஞ்சாப் போதுமா?" என்று கேட்டாள் ஹெப்சி.

"லேசாப் போதும்மா."

"எச்சில்?"

அவர் யோசித்துப் பார்த்து, அது வேண்டாம் என்றார்.

காவலர் இசக்கிப்பாண்டி வாய்விட்டுச் சிரித்தார். ரிப்பனுக்கு அவர் காவல் இருப்பது இது இரண்டாம் மாதம். பதவி உயர்வு கிடைத்தால் கத்தரிக்கோலுக்குக் காவல் போடுவார்கள் என்கிறார்.

டிசம்பர் 31, புதன்

மந்திரி வரவில்லை. வேறோர் ஊரில் வெள்ளத்தைப் பார்வையிடச் சென்றுவிட்டார். அங்கே இன்னும் தண்ணீர் நிற்பதால் அந்த ஊருக்கு முன்னுரிமை. காலையிலிருந்து பந்தலில் இருந்தோம். மதியம் கடந்துதான் செய்தி வந்தது.

விழா இல்லாவிட்டால் குழுவாவது மேலே கூடியிருக்க வேண்டும் அல்லவா? அதுவும் இல்லை. குழுவின் மூவரும் காலையிலிருந்து கீழே, மந்திரியை வரவேற்கும் வரிசையில், பூங்கொத்துடன் நின்றிருந்தனர். எலும்பு மருத்துவர் எனக்கும் ஹெப்சிக்கும் இரண்டு கை தூரத்தில் நின்றார். "இப்போது மூவரும் கீழே இருக்கிறீர்களே" என்றேன்.

"இது வரவேற்புக் குழு சார்" என்றார்.

விழா ஜனவரி 9, வெள்ளி. குழு அடுத்துக் கூடுவது 7. பள்ளியில் கடைசி நாள் 9. எங்களுக்கு இனி ஒரே ஒரு புதன்கிழமைதான் இருக்கிறது. அந்தப் புதன்கிழமை ரிப்பன் இருக்கும்.

ஜனவரி 1, வியாழன்

புத்தாண்டு. ஹெப்சியின் தசை இறுக்கத்துக்கான மாத்திரை தீர்ந்துவிட்டது. மருத்துவமனை மருந்தகம், சான்றிதழின் அசலைக் காட்டச் சொல்கிறது.

ஜனவரி 3, சனி

தனியார் மருந்துக்கடைகளில் அந்த மாத்திரை இல்லை. சரக்கு வரும் சாலை அறுந்து கிடக்கிறது. ஹெப்சியின் வலது கை காலையில் மடங்கினால் விரிய வெகுநேரம் ஆகிறது. வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறேன்.

அவள் பொருளியல் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறாள், நான் எழுதுகிறேன். கேள்விக்கு நடுவே நிறுத்திவிட்டு, "ஸ்கிரைப் கெடைக்காட்டி என்ன செய்யப் போறேன் தெரியுமா?" என்றாள்.

"கிடைப்பார்."

"மூணு மணி நேரத்துல என் பேரு மட்டும் எழுதுவேன். இனிஷியலோட. அதுக்கு எத்தன மார்க்குப்பா?"

ஒற்றடத் துணியை மறுபடி வெந்நீரில் முக்கிப் பிழிந்தேன்.

ஜனவரி 5, திங்கள்

மருத்துவமனைக்குத் தனியாகச் சென்றேன். சாய்தளத்தில் ஆடுகள். ரிப்பனுக்கடியில் குனிந்து நுழைந்து, வளைவு வரை ஏறி, அங்கே வெயிலில் படுத்திருந்தன. இசக்கிப்பாண்டியிடம் சுட்டிக்காட்டினேன்.

"ஆட்டு மேல எஃப்.ஐ.ஆர். போட முடியாது சார்."

"என் மகள் மேல்?"

"போட்டுத்தான் ஆகணும். உங்க மேலயும். நீங்க எய்டட் காலேஜு, சஸ்பெண்டு வரும். எனக்கும் வரும். ஆட்டுக்கு என்ன வரும், சொல்லுங்க."

என் சட்டைப்பையில் சவர பிளேடு ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து எடுத்து வந்ததன் நோக்கம் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பையைப் பார்த்தபடி, "வெயில்ல நிக்காதீங்க சார். ஒரு மாதிரியா இருக்கீங்க. உக்காருங்க" என்று தம் நாற்காலியைத் தந்தார். உட்கார்ந்தேன். இடது கை சற்று மரத்திருந்தது. முகாமில் கொடுத்த தலையணை உயரம் அதிகம்.

ஜனவரி 7, புதன்

இன்று நடந்தவற்றை முறையாகப் பதிவு செய்கிறேன்.

திட்டம் என்னுடையது. இந்த மருத்துவமனையில் விதிகள் நிற்பவருக்கும் அமர்ந்திருப்பவருக்கும் உண்டு, விழுந்தவருக்கு இல்லை. எனவே, சாய்தளத்தின் அடியில், ரிப்பனுக்கு முன், ஹெப்சியின் நாற்காலியைப் பிடித்தபடி நான் விழ வேண்டும் என்று தீர்மானித்தேன். எப்போது தீர்மானித்தேன் என்பது முக்கியமன்று. விழுவதற்குச் சற்று முன்னர் என்று வைத்துக்கொள்ளலாம்.

விழுந்தேன். வியர்வையையும் வரவழைக்க முடிந்தது எனக்கே வியப்பு. இது நடிப்பு என்று ஹெப்சிக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் முகம் அப்படி ஆகியிருக்காது. அப்படி ஆகாமல் எவரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

"எப்பா. எப்பா, இங்க பாருங்க. அண்ணே, எங்கப்பாவத் தூக்குங்க."

ஸ்ட்ரெச்சர் வந்தது. இதய நோய்ப் படுக்கைகளும் வெள்ளத்தால் மாடிக்குப் போயிருந்தன. படிக்கட்டைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊழியர்கள் ரிப்பனின் முன் நின்று இசக்கிப்பாண்டியைப் பார்த்தார்கள். அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு தூணருகே குனிந்து, ரிப்பனின் முடிச்சை அவிழ்த்தார்.

அது முடிச்சுதான். வெட்டாமல் அவிழ்க்கலாம். எனக்கு இது தோன்றியதே இல்லை.

ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியை ஹெப்சி மடங்கிய வலது கையால் கொக்கிபோல் மாட்டிக்கொண்டாள். விரியாத விரல்கள் நல்ல பிடி. ஸ்ட்ரெச்சர் ஏறிற்று; நாற்காலியும் ஏறிற்று. வளைவில் ஓர் ஊழியர், "பாப்பா, விடும்மா" என்றார். "விட்டா நான் கீழ போயிருவேன், இழுங்க" என்றாள். மேலே சென்றதும் கையைக் கழற்றிக்கொள்ளச் சொல்லி நான் கண்ணால் காட்டினேன். இடது பக்கம் குழு, வலது பக்கம் வார்டு. அவள் வலது பக்கம் வரப் பார்த்தாள். "போ" என்றேன். நான் இன்று பேசிய ஒரே சொல் அதுதான் என்று பின்னர் சொன்னார்கள்.

குழு அவளிடம் முதலில் கேட்ட கேள்வி: "எப்படி மேல வந்தே?"

"அப்பாவப் பிடிச்சுக்கிட்டு."

எல்லாம் முடிந்தது. விழுக்காட்டில் குறைவில்லை. மூன்றாம் மருத்துவர் விழா வேலையாகக் கீழே போயிருந்ததால் அவருடைய கையொப்பம் மட்டும் பாக்கி. வெள்ளி காலை கிடைக்கும்.

என் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி எடுத்த வரைபடத்தைப் பணி மருத்துவர் நெடுநேரம் பார்த்தார். நாக்கின் அடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். நடிப்பைக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

ஸ்ட்ரெச்சர் சென்ற பின் ரிப்பனைத் திரும்பக் கட்டிவிட்டார்களாம். ஹெப்சி இப்போது மேலே. இறங்க வழி இல்லை.

ஜனவரி 8, வியாழன்

நோயாளிக்குத் துணையாக ஒருவர் தங்கலாம். ஹெப்சி தங்கியிருக்கிறாள். வேறெங்கும் போக முடியாததால் இந்த வார்டிலேயே மிகவும் பொறுப்பான துணை அவள்தான் என்று செவிலியர் பாராட்டினார்.

பணி மருத்துவர் இளம்பெண். என் படுக்கையருகே நின்று கேட்டார்: "வலி எவ்வளவு நாளா இருக்கு சார்?"

"வலி இல்லை. வாயு."

"கிறிஸ்மஸுக்கு முந்தியே உண்டு டாக்டர்" என்றாள் ஹெப்சி. "என்னத் தூக்கிட்டுப் படியில நின்னாங்க. அப்ப அவங்க நெஞ்சு என் காதுக்குப் பக்கத்துல இருந்துச்சு. ஓடுற மாதிரி அடிச்சுது. பால் வாங்கப் போனா ரெண்டு எடத்துல நின்னு, செருப்பைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்குவாங்க."

செருப்பின் வார் உண்மையிலேயே பழுது. சொன்னேன். மருத்துவர் என்னைப் பார்க்காமல் அவள் சொன்னதையே எழுதிக்கொண்டார். பாளையங்கோட்டைப் பெரிய மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்றார். நாளை மதியம் வரை நகர மாட்டேன் என்று மறுத்துவிட்டேன்.

மாலையில் ரூபி படியேறி வந்தாள். முகாமின் உப்புமா வாசனையோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "நடிச்சீங்களாமே" என்றாள்.

"ஆம்."

"நல்லா நடிச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டு என் பாதத்தைப் போர்வையால் மூடினாள்.

ஜனவரி 9, வெள்ளி

காலையிலிருந்து பேண்டு வாத்தியம். சாய்தளத்தின் கீழே பந்தல், சரவெடி, குலவையிட மகளிர் குழுப் பெண்கள். மந்திரி பத்து மணிக்கே ஊருக்குள் வந்துவிட்டார். ஆனால் பயணியர் மாளிகையிலேயே இருக்கிறார். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். மந்திரியின் கட்சிக்கு ராகு காலத்தில் நம்பிக்கை இல்லை. எனவே, அவர் போக்குவரத்து நெரிசலில் சிக்கியிருப்பதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பன்னிரண்டு ஐந்துக்கு நெரிசல் நீங்கும் என்றும் அறிவித்தார்கள்.

பள்ளியில் பன்னிரண்டு மணிக்கு முடித்துவிடுவார்கள்.

பதினொன்றரைக்குச் சான்றிதழ் ஹெப்சியின் கைக்கு வந்தது. ரூபி கீழே ஆட்டோவுடன் நின்றாள். சான்றிதழை மட்டும் அவளிடம் அனுப்பிவிடலாம் என்று நான் சொன்னேன். புகைப்படத்தோடு ஆளையும் ஒப்பிட்ட பிறகே பெயரைச் சேர்ப்பார்களாம். பொன்ராணியிடம் ஹெப்சி ஏற்கெனவே கேட்டுவிட்டாள். இப்போது பேப்பர் இருக்கிறது, பிள்ளைதான் வேண்டும்.

செவிலியர் ஜன்னலிலிருந்து கூவிக் கேட்டார்: ரிப்பனை ஒரு நிமிடம் அவிழ்த்துக் கட்டக்கூடாதா? சுடலைமுத்துவின் குரல் கேட்டது: "ராகு காலத்துல ரிப்பன்ல கை வைக்கவா? என் வேல போயிரும்மா. பன்னெண்டு அஞ்சு வரைக்கும் பொறுத்துக்கிடுங்க."

நான் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். செவிலியர் தோளைப் பிடித்து அழுத்தினார். சரிவில் இறங்கும்போது நாற்காலியைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். எப்போதும் நான்தான் பிடித்திருக்கிறேன். அதை அவரிடம் விளக்க முயன்றேன், வாக்கியம் முடியவில்லை.

ஹெப்சி சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் செருகிக்கொண்டாள்.

"வரேன்பா."

"பன்னிரண்டு ஐந்துக்குத் திறந்துவிடுவார்கள். பொன்ராணியிடம் பேசி..."

"எப்பா, நீங்க பேசுனது போதும்."

அவள் சொன்னதில் கோபம் இல்லை.

சக்கரத்தின் ஒலி சாய்தளத்தில் இறங்கியது. முதலில் மெதுவாக. பிறகு மெதுவாக இல்லை. வளைவு வர வேண்டிய இடத்தில் ஏதோ சுவரில் மோதிய ஓசை கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை. செவிலியர் ஜன்னலில் இருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னும் எட்டிப் பார்த்தார். அந்தச் சிறிது நேரத்தை விவரிக்க என்னிடம் சொற்கள் இல்லை. தேடவும் விருப்பமில்லை.

பிறகு பேண்டு வாத்தியம் முழங்கியது. சரவெடி வெடித்தது. குலவை எழுந்தது. "பூவன்கரை மக்களின் நீண்ட நாள் கனவு" என்று ஒலிபெருக்கி தொடங்கி, பாதியில் நின்றது.

"சார்," என்றார் செவிலியர், சிரிப்பை அடக்க முடியாமல். "மேல இருந்து வந்தாள்ல, ரிப்பன நெஞ்சோட அத்துக்கிட்டுப் போயிட்டா சார். ரிப்பன் அந்தா பறக்கு. பேண்டுக்காரனுக்கு ரிப்பன் அறுந்தா அடிக்கணும்னு சொல்லி வச்சிருக்காவ, அவன் அடிச்சிட்டான். ஒரு பய நிறுத்தல. சூப்பிரண்டு சார் தலைல கை வச்சு உக்காந்துட்டாரு. போலீஸ்காரரு சல்யூட் அடிக்காரு."

"ஹெப்சி?"

"ஆட்டோ போயாச்சு சார்."

பன்னிரண்டு ஐந்துக்கு மந்திரி வந்தார். புதிய ரிப்பன் ஒன்றைக் கட்டி வெட்டினார். கல்வெட்டை வாசித்துவிட்டு, யார் எழுதியது என்று கேட்டாராம். யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு நிம்மதி.

ஒரு மணிக்குச் சற்று முன் ரூபியின் கைபேசியிலிருந்து ஹெப்சி அழைத்தாள்.

"சேத்தாச்சுப்பா. ஸ்கிரைப், எக்ஸ்ட்ரா டைம், ரெண்டும். டீச்சர் பேப்பரயும் பாத்தாங்க, என்னயும் பாத்தாங்க. முழங்கைல ரத்தம்னு பிளாஸ்திரி போட்டாங்க."

"வளைவில் பிரேக் பிடித்தாயா?"

"கை மடங்கிக் கெடக்கு, எங்கேயிருந்து பிரேக்கு? செவுத்துல இடிச்சுத் திரும்புனேன்."

"வலிக்கிறதா?"

"வலிக்குப்பா," என்றாள். "உங்களுக்கு?"

பாளையங்கோட்டைக்கு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஊழியர்கள் ஸ்ட்ரெச்சருடன் கட்டிலருகே நிற்கிறார்கள். நடந்தே வருகிறேன் என்றேன். எழுந்து நின்றேன். வார்டின் வாசல் வரை பார்த்தேன்.

பிறகு ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டேன்.